தயாவதியின் கல்லில் ஒரு சாண் இடம்

அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறீர்களா அண்ணாச்சி? அதன் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச எனக்கு இப்போது மூச்சு காணாது. நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே பேசிய காலம் ஒன்று இருந்தது. அது போய்விட்டது.

ஆமாம், டீச்சர்தான். பேச்சிலேயே தெரிகிறதா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் ஐந்தாம் வகுப்பு எடுத்த வாய் இது. மீன்காரியிடம் பேரம் பேசினால்கூட எனக்குப் புத்தகத் தமிழ்தான் வருகிறது. "டீச்சரம்மா, சாளைக்கு இலக்கணம் வேண்டாம், வேணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க" என்று அவள் கேலி செய்வாள். என் பெயர் பாக்கியசீலி. சுகிர்தபுரம் விலக்கில் இறங்கி எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

இல்லை, கல் எனக்கு இல்லை. எனக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்கிறேன். சின்ன வேலை ஒன்று சொல்ல வந்தேன். ஏற்கெனவே நிற்கிற கல்லில் இரண்டு வரி எழுத வேண்டும். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்திலிருந்து மூன்றாவது கல். கறுப்புக் கல். தயாவதி அருமைராஜ் என்று பெயர். பிறந்த தேதி, இறந்த தேதி. அதற்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள்தான் வெட்டிக் கொடுத்தீர்கள் என்று கோயில்பிள்ளை சொன்னார். கோயில்பிள்ளை என்றால் எங்கள் கோயிலில் மணி அடிக்கிறவர்.

ஞாபகம் இருக்கிறதா? அப்படியா. வசனம் என்ன போட வேண்டும் என்று நீங்களே கேட்டீர்களா? அதற்கு அவள் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

ம்.

"ஒரு எழுத்தும் வேண்டாம்" என்றாரா. அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் தோட்டத்தில் இருநூறு கல்லாவது இருக்கும் அண்ணாச்சி. வேத வசனம் இல்லாத கல் அது ஒன்றுதான். குடித்தே செத்த செல்லக்கண்ணுக்குக்கூட வசனம் உண்டு. நல்ல மேய்ப்பரைப் பற்றிய வசனம். அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது மூன்று ஆடு திருடினார். அவருக்கு உண்டு. என் தயாவதிக்கு இல்லை.

வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினாரா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வாருங்கள். தோட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தோட்டத்துக் கதவுச் சாவிக்குக் கோயில்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கல்லைக் கழற்ற வேண்டாம், உளி வைத்து அங்கேயே வெட்டிவிடலாம் அல்லவா? அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ஒருவேளை வந்து பார்த்தாலும் அதற்குள் எழுத்து கல்லில் ஏறியிருக்கும். ஏறின எழுத்தை யார் என்ன செய்ய முடியும்?

ஏன் அண்ணாச்சி அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் கெடுதல் செய்ய வரவில்லை. நல்லதுதான் செய்ய வந்திருக்கிறேன். நல்லதைத் தவிர வேறு எதையும் நான் ஒருவருக்கும் செய்தது கிடையாது. கொஞ்சம் உட்காரட்டுமா? இந்தக் கல்மேல் வேண்டாம், யார் பெயரோ இருக்கிறது. அந்த ஸ்டூல் போதும்.

அவளுக்கு நான் என்ன உறவு என்றால், உறவு ஒன்றும் இல்லை. எதிர்வீடு. அதற்கு முன்னால் என்னிடம் படித்த பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பிலும் என்னிடம்தான் இருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே முதல் கேள்வி, "உன்னைப் படைத்தவர் யார்?" பதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கூரை பெயர்ந்து விழுகிற மாதிரி "கடவுள்!" என்று கத்துவார்கள். இவளும் கத்துவாள். கத்தி முடித்துவிட்டுக் கையைத் தூக்குவாள்.

"எதுக்கு டீச்சர் படைச்சார்?"

"தம்முடைய மகிமைக்காக."

"மகிமைன்னா என்ன டீச்சர்?"

"உட்காரு. அடுத்த கேள்வி."

என்ன செய்வது? அரை மணி நேரத்தில் பத்துக் கேள்வி முடித்தாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கை தூக்குவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்காரச் சொல்வேன்.

பிறகு எங்கள் தெருவிலேயே அருமைராஜுக்கு வாழ்க்கைப்பட்டு என் வாசலுக்கு எதிரே வந்து சேர்ந்தாள். அருமைராஜ் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நல்ல வேலைக்காரர், வாய்தான் கிடையாது. பிள்ளைகள் இல்லை. இவள் வந்த நாலாவது வருஷம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒன்பது வருஷம் அண்ணாச்சி. கனத்த உடம்பு அந்த அம்மாளுக்கு. தூக்கி உட்கார வைக்க வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், குளிக்கத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாம் இவள்தான். தூக்கித் தூக்கி இவள் கை இரண்டும் ஆண்பிள்ளை கைபோல இறுகிவிட்டன. வளையல் மணிக்கட்டைத் தாண்டி ஏறாது.

மாமியார் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். பழைய வண்டி. சிவப்பு நிறம். சாயந்தரம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓட்டிப் பழகுவாள். முப்பத்தொன்பது வயது. ஊர் சிரித்தது. என் வேலியில் இரண்டு தடவை மோதினாள். மூன்றாம் தடவை வேலியையே சாய்த்துவிட்டாள். நான் கம்போடு வெளியே வருகிறேன். இவள் கீழே விழுந்து கிடந்தபடியே சொல்கிறாள், "டீச்சர், உங்க வேலி குறுக்கே வந்துட்டு."

"ஏட்டி, உனக்கு இது தேவையா?" என்றேன்.

"இனிமேதான் டீச்சர் எனக்குன்னு ஒண்ணு தொடங்குது" என்றாள்.

அந்த வருஷமே அவளுக்கு வயிற்றில் கட்டி.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பிறகு ஆறு ஊசி என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று. இரண்டு போட்டு முடிப்பதற்குள் தலைமுடி கொட்டி, சோறு இறங்காமல், ஆளே பாதியாகிவிட்டாள். டாக்டர் ஒளிக்காமல் பேசினாராம். முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஊசியை விடாமல் போட்டால் நாள் கிடைக்கும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, சில பேருக்கு அதற்கு மேலும், என்று. அப்போது டிசம்பர் முடிந்து புது வருஷம் வந்தது.

இங்கேதான் எங்கள் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். சின்ன அட்டை, சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வருவது எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் உங்களுக்கென்று தருகிற வாக்கு. வீட்டுக்குப் போய் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைப்பார்கள். பெண் பார்க்கப் போனாலும், கிணறு தோண்டினாலும், "எங்களுக்கு இந்த வருஷம் இன்ன வாக்கு" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள்.

பட்டணத்தில் அச்சடித்த அட்டை கிடைக்கிறது. எங்கள் ஊரில் அது செல்லாது. முப்பத்தொரு வருஷமாக எங்கள் ஊருக்கு அட்டை எழுதியது நான். நவம்பரிலேயே கெட்டி அட்டை வாங்கி, வெட்டி, கோடு போட்டு, நீல மையில் எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு பூ வரைவேன். நானூறு அட்டை. நல்ல வசனமாகப் பார்த்துத்தான் எழுதுவேன். வேதத்தில் கோபமும் இருக்கிறது, சாபமும் இருக்கிறது. புது வருஷத்தன்று பச்சைப் பிள்ளைக்காரி கையில் அது போனால் மனது என்ன பாடுபடும்? அதையெல்லாம் கழித்துவிடுவேன். தப்பா? பிள்ளைக்கு மீன் ஊட்டும்போது முள்ளை எடுத்துவிட்டுத்தானே ஊட்டுகிறோம்?

வர முடியாத நோயாளிக்காக வேறு ஒருவர் ஜெபித்து எடுத்துக்கொண்டு போகலாம். அதுவும் வழக்கம்தான். தயாவதி முந்தின நாளே சொல்லியிருந்தாள். "எனக்கு நீங்க எடுத்துட்டு வாங்க டீச்சர். வேற யாரும் வேண்டாம். உங்க கைதான் ராசி."

நான் எடுத்தேன். எல்லாரும் போன பிறகு, பெட்டி என்னிடம் இருந்தபோது, பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, அவளை நினைத்து எடுத்தேன். எடுத்துப் படித்தேன். அது அவளுக்குச் சரிப்படாது. சாதாரண வசனம். அதில் சுகம் என்ற சொல்லே இல்லை. உயிர் என்ற சொல் இல்லை. மொட்டைத் தலையோடு படுத்துக் கிடக்கிற ஒரு பெண்ணிடம் அதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? அதை என் வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்தேன்.

என்ன அண்ணாச்சி? எப்படி எடுத்தீர்கள் என்றா?

தேடித்தான் எடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான். சுகத்தைப் பற்றிய வசனங்களுக்கு எப்போதும் சிவப்புப் பூ வரைவேன், அதனால் தேட நேரம் ஆகவில்லை. என்ன வசனம் என்று சொல்லமாட்டேன். அதை இப்போது நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. பொருளை வேண்டுமானால் சொல்கிறேன். நீ சாகமாட்டாய், இருப்பாய், இருந்து கடவுள் செய்ததை எல்லாருக்கும் சொல்வாய் என்று வரும்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படித்தாள். இரண்டு கையாலும் அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை. ஒரு மாதமாக வாய் திறந்து பேசாத அருமைராஜ் வாசற்படியில் நின்று, "டீச்சர்... நெசமாவா?" என்றார். "கடவுள் கொடுத்தது தம்பி" என்றேன். அன்று சாயந்தரம் அந்த வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். எனக்கும் ஒரு தூக்குவாளியில் வந்தது. அவள் இரண்டு வாய் சோறு சாப்பிட்டாளாம். நீங்களே சொல்லுங்கள், நான் கொடுத்தது கெட்டதா?

மூன்றாவது ஊசிக்கு அவள் போகவில்லை.

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை யாரும் என்மேல் சொல்ல முடியாது. அவளாகத்தான் முடிவு செய்தாள். "ஆண்டவர் இருப்பாய்னு சொன்ன பொறவு ஊசி எதுக்கு டீச்சர்? அவர நம்பாத மாதிரில்லா ஆயிரும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஜெபம் பண்ணு" என்றேன். அதைத்தானே சொல்ல முடியும்? ஐயர்கூட வந்து, ஐயர் என்றால் எங்கள் குருவானவர், "ஊசியும் கடவுள் தந்ததுதான்மா" என்று சொல்லிப் பார்த்தார். அவள் அலமாரிக் கண்ணாடியைக் கை காட்டினாள். வேத வசனத்தை எதிர்த்து அவர் என்ன பேசுவார்? ஜெபித்துவிட்டுப் போனார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஊசி நின்றதும் முடி முளைத்தது. முகம் தெளிந்தது. ஈஸ்டர் அன்று கோயிலுக்கு வந்து கடவுள் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொன்னாள். "உன்னைப் படைத்தவர் யார்னு எங்க டீச்சர் கேட்பாங்க. எனக்கு அப்போ பேர் மட்டும்தான் தெரியும். இப்போ அவர் எங்கிட்ட பேசிட்டார்." சபை முழுவதும் அழுதது. நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்காதீர்கள். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

ஜூன் மாதம் திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை வயிறு ஊதி, கால் வீங்கி. அப்போது ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய கஷ்டம் அண்ணாச்சி. அவளுக்குத் தெரிந்துவிட்டது. போகிற உயிருக்குத் தெரியாதா? ஆனால் அந்த வீட்டில் அதைப் பேச முடியாது. "என் சேலையெல்லாம்..." என்று தொடங்குவாள். அருமைராஜ், "அவிசுவாசமாப் பேசாத, அட்டையப் பாரு" என்பார். "ஸ்கூட்டர வித்துராதீங்க, பக்கத்துத் தெரு புள்ள யாருக்காவது..." என்பாள். "நீயே ஓட்டுவ, சும்மா இரு" என்பார். அவள் நாத்தனார் வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழப் போனாள். "இங்க யாரும் அழக்கூடாது" என்று வெளியே அனுப்பிவிட்டார். போய் வருகிறேன் என்று ஒருவரிடமும் சொல்ல அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று. ஒரே ஓர் அட்டை, அந்த வீட்டு வாயையெல்லாம் கட்டிப்போட்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் கடையில் இருந்தார். நானும் அவளும்தான். திரும்பிப் படுக்கக் கேட்டாள். நான் தூக்கினேன். எடையே இல்லை. அவள் கேட்டாள்.

"டீச்சர், ஒருவேளை... சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒருவேளை நான் பொழைக்கலன்னா, அவர் என்னை எதுக்குப் படைச்சார்?"

நான் வேதப்புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"புள்ள இல்ல. பேர் சொல்ல ஒண்ணும் இல்ல. ஒம்பது வருசம் அத்தையைத் தூக்கினேன். அதுக்காகவா? அதுக்குத்தான்னா, அதையாவது சொல்லிரலாம்லா. என்னைத் தூக்குறதுக்கு யாரு டீச்சர் இருக்கா?"

"அப்படிப் பேசாதே" என்றேன். "அட்டையைப் பார்."

அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சிரித்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் டீச்சர் உட்காரச் சொல்லிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆகஸ்ட் பதினேழாம் தேதி போய்விட்டாள். தேதிதான் உங்கள் கல்லிலேயே இருக்கிறதே.

அடக்கம் முடிந்த மூன்றாம் ஞாயிறு அருமைராஜ் கோயிலுக்கு வந்தார். காணிக்கைப் பை அவரிடம் வந்ததும், சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அதற்குள் போட்டார். எழுந்து வெளியே போனார். நான் அன்று பெண்கள் பக்கம் பை பிடித்துக்கொண்டிருந்தேன். மேசையில் எல்லாவற்றையும் கொட்டியபோது நோட்டுகளுக்கு நடுவே என் கையெழுத்தும் சிவப்புப் பூவும் கிடந்தன.

பிறகு ஐயர் ஒரு நாள் தெருவில் அவரைப் பிடித்துப் பேசினார். அருமைராஜ் கேட்டார், "ஐயரே, வாக்குக் குடுத்தா காப்பாத்தணும். முடியலன்னா குடுக்கக்கூடாது. ஒரு மனுசன் அப்படிச் செஞ்சா அவனுக்கு என்ன பேரு? படைச்சவருன்னா பொய் சொல்லலாமா?" ஐயர் அவர் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் விளக்குமாறு.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அருமைராஜ் வீட்டில் கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை. வேதத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார் என்று சொல்கிறார்கள். எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு அண்ணாச்சி. மனுஷனுக்குத் துக்கம் வரும், வந்தால் கடவுளை விட்டுவிடுவதா? யோபு பக்தன் பத்துப் பிள்ளைகளை வாரிக் கொடுத்தானே, அவன் விட்டானா? நம்பிக்கை வேரில் இல்லாத ஆள் என்றுதான் நான் நினைத்தேன். பெண்கள் கூட்டத்திலும் அப்படித்தான் ஜெபிக்கச் சொன்னேன், "அருமைராஜுக்கு விசுவாசம் திரும்பி வரட்டும்" என்று.

அட்டை எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இதோ, இதுதான். இதைத்தான் கல்லில் எழுத வேண்டும். அன்று முதலில் என் கைக்கு வந்த அட்டை. இத்தனை நாளும் என் வேதப்புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. மையெல்லாம் அப்படியே இருக்கிறது பாருங்கள். நீலப் பூ. படியுங்கள்.

படித்துவிட்டீர்களா?

ஆமாம். உன்னைச் செய்தவர் நான், தலை நரைத்தாலும் உன்னைத் தூக்கிச் சுமக்கிறவரும் நான் என்று கடவுள் சொல்கிற மாதிரி வரும். நானே எழுதியதுதான். நானூறில் ஒன்று. எழுதும்போது நான் அதைப் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பேன்.

அட்டையை ஏன் திருப்பிப் பார்க்கிறீர்கள்? பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அந்தம்மா கேட்டதுக்குப் பதில் இதுலதானே இருந்துச்சு" என்கிறீர்கள்.

தெரியும் அண்ணாச்சி. எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? தன்னைத் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாளே, அப்போதே தெரிந்தது. வேதப்புத்தகம் என் மடியில்தான் இருந்தது. கையை விட்டு எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அப்புறம் அந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். முப்பத்தொரு வருஷம் எழுதினேனே, ஊர் முழுவதும் கேட்கும். அதனால் அட்டையைப் பார் என்றேன்.

அதற்காகத்தான் இப்போது வந்திருக்கிறேன். அவளுடையது அவளிடம் போய்ச் சேரட்டும். செவ்வாய்க்கிழமை வருகிறீர்கள் அல்லவா? கூலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

என்ன?

"வீட்டுக்காரர் சொல்லாம அடுத்தவங்க கல்லுல உளி வைக்கமாட்டேன்." சரி. தொழில் தர்மம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டால் அவர் சம்மதிக்கமாட்டாரே. என் நம்பரைப் பார்த்தால் எடுக்கவேமாட்டார். நீங்கள் வேண்டுமானால் கேளுங்கள். உங்கள் நோட்டில் நம்பர் இருக்குமே. யாரோ நலம் விரும்பி என்று சொல்லுங்கள். கோயிலிலிருந்து என்று சொல்லுங்கள். கல் வெட்டியவர் நீங்கள், வெறும் இடம் அழகாக இல்லை, இரண்டு வரி இலவசமாக எழுதித் தருகிறேன் என்று...

ஆமாம். அதுவும் பொய்தான்.

"மறுபடியும் மாத்திக் குடுக்கச் சொல்லுதீங்களா?" என்று கேட்கிறீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். நீங்கள் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, எங்கள் வேதம் படித்தவர் இல்லை. உங்களுக்கு இது எப்படித் தெரிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இல்லை, புரிகிறது. கல்லில் வேலை செய்கிறீர்கள். எழுதியதை அழிக்க முடியாது என்று தெரிந்த கை.

இரண்டு வருஷமாக அந்த மனுஷன் கடவுளைப் பொய்யர் என்கிறார் அண்ணாச்சி. நான் எதிர்வீட்டில் இருந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடவுளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவராவது வாயைத் திறந்து, நான் இல்லை, அந்த டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்மேல் வரவேண்டிய ஏச்சையெல்லாம் தம்மேல் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார்.

அந்தப் போனைக் கொடுங்கள். உங்கள் போன்தான், உங்கள் நம்பர் என்றால் எடுப்பார். நீங்களே போட்டுக் கொடுங்கள்.

மணி அடிக்கிறது.

அலோ. தம்பி... நான் கல்வெட்டு அண்ணாச்சி இல்ல தம்பி. எதிர்வீட்டு டீச்சர். வச்சிராதீங்க. கல்லுக்கு ஒண்ணும் இல்ல, கல்லு நல்லாத்தான் இருக்கு. தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லிருதேன், பொறவு நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. தயாவுக்கு அந்த வருசம் நான் கொண்டாந்தேன்லா, அந்த அட்டை. அது ஆண்டவர் குடுத்தது இல்ல. அவர் குடுத்தது வேற. எனக்குப் புடிக்கல. நான்தான் மாத்தினேன். அவர் பொய் சொல்லல தம்பி. நான் சொன்னேன்.

தம்பி?

பேசமாட்டேன் என்கிறார் அண்ணாச்சி. வைக்கவும் இல்லை. அங்கே கடையில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

இருக்கீங்களா தம்பி? அவளுக்கு வந்த அட்டை எங்கிட்ட இருக்கு. இப்போ எங்கையிலதான் இருக்கு. அவ கேட்டா, நான் குடுக்கல. உங்களுக்கு வாசிக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்.

இன்னும் அதே சத்தம்தான்.

இல்லை, இருங்கள். நின்றுவிட்டது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டார் அண்ணாச்சி.